சர்வே, இன்டர்வியூ எடுக்கப் போறீங்களா? டூல் தேர்ந்தெடுக்கிறதுல இருந்து டேட்டாவைப் பத்திரப்படுத்துற வரைக்கும் ஒரு வழிகாட்டி

முதல் தடவையா ஒரு சமூக ஆய்வுக்கு டேட்டா எடுக்கப் போறவங்களுக்காக இதை எழுதுறேன். முதுகலை ப்ராஜெக்டோ, பிஎச்டியோ, ஒரு தொண்டு நிறுவனத்தோட பேஸ்லைன் சர்வேயோ, எதுவா இருந்தாலும் சரி. பாடப்புத்தகத்துல கேள்வித்தாள்னா என்ன, நேர்காணல்னா என்ன, நன்மை என்ன தீமை என்னன்னு அழகா இருக்கும். ஆனா எந்த பேப்பரை எப்போ ரெடி பண்ணனும், எதுக்கெல்லாம் காசு போகும், எது எவ்வளவு நாள் இழுக்கும், எங்க போய் மாட்டிக்குவோம்ங்கிறது அதுல இருக்காது. இதையெல்லாம் நான் ரொம்ப சிரமப்பட்டு ஒண்ணொண்ணா தெரிஞ்சுக்கிட்டேன், அந்த சிரமம் உங்களுக்கு வேண்டாம்னுதான் இது.

1. கடைசில வரப்போற டேபிளை முதல்ல வரைஞ்சு பாருங்க

டூல், அதாவது கேள்வித்தாள், நேர்காணல் மாதிரி டேட்டா எடுக்குற கருவி, எதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடியே இதைச் செய்யணும். உங்க ஆய்வோட நோக்கங்களை எடுத்துக்கோங்க, ஒவ்வொரு நோக்கத்துக்கும் ரிப்போர்ட்ல என்ன டேபிள் வரும்னு நம்பர் இல்லாம வெறும் கட்டம் மட்டும் வரைங்க. உதாரணத்துக்கு நோக்கம் "வேலைக்குப் போற தாய்மார்களோட வேலை நேரத்துக்கும் மன அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு"ன்னு வச்சுக்குவோம். அப்போ இடது பக்கம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, மேல மன அழுத்த ஸ்கோர், அதைக் குழந்தையோட வயசு வாரியா பிரிக்கணுமா, கூட்டுக் குடும்பமா இல்லையான்னு பிரிக்கணுமா, இப்படி வரைய வரைய எந்தெந்த தகவல் வேணும்னு தானா வெளிய வந்துடும்.

அடுத்து ஒரு ஷீட்ல நாலு காலம் போடுங்க: நோக்கம், தேவையான தகவல், அது யார்கிட்ட இருக்கு, எந்த அனாலிசிஸ். இந்த ஒரு பக்கம்தான் கடைசி வரைக்கும் உங்களைக் காப்பாத்தும். கேள்வித்தாள்ல ஒரு கேள்வி இருக்கு, ஆனா எந்த டேபிள்லயும் அது போய் உக்காரலைன்னா அந்தக் கேள்வியைத் தூக்கிடுங்க. ஒரு கட்டம் இருக்கு, அதை நிரப்ப கேள்வி இல்லைன்னா இப்பவே சேருங்க, ஏன்னா ஃபீல்டு முடிஞ்சு வந்து "அய்யோ இதைக் கேக்கலையே"ன்னு நின்னா அதே ஆளுங்களைத் திரும்பத் தேடிப் பிடிக்கிறது அனேகமா நடக்காத காரியம்.

சில நோக்கங்களுக்கு டேபிளே வரைய முடியாது. "ஏன் பாதியில படிப்பை விட்டாங்க, அந்த முடிவுக்கு எப்படி வந்தாங்க" மாதிரி. டேபிள் வரலைன்னா அது உங்க தப்பு கிடையாது, அந்த நோக்கத்துக்கு எண்ணிக்கை ஒத்துவராது, ஆழமான இன்டர்வியூ வேணும்னு அதுவே சொல்லிடுது.

2. எந்த டூல் எதுக்கு

இதைக் கேக்குறதுக்கு முன்னாடி நீங்க தேடுற டேட்டா ஏற்கெனவே எங்கயாவது இருக்கான்னு ஒரு வாரம் உக்காந்து தேடுங்க. அரசு சர்வேக்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பள்ளி ஆஸ்பத்திரி பதிவேடுகள்னு இருக்குறதை வச்சே சில நோக்கங்கள் முடிஞ்சுடும், ஃபீல்டு செலவு பாதி குறையும். ஆனா அந்தப் பதிவேடு எதுக்காக எழுதப்பட்டதுன்னு பாருங்க. வருகைப் பதிவேடு பிள்ளை வந்துச்சா இல்லையான்னுதான் சொல்லும், ஏன் வரலைன்னு சொல்லாது.

கேள்வித்தாள்ங்கிறது பதில் சொல்றவங்களே படிச்சு நிரப்புறது. நீங்க வாயால கேட்டு நீங்களே நிரப்புனா அதுக்குப் பேரு ஷெட்யூல், தமிழ்ல நேர்காணல் பட்டியல்னு எழுதுவாங்க. நிறைய தீசிஸ்ல வீடு வீடாப் போய் கேட்டு எழுதிட்டு மெத்தடாலஜில கேள்வித்தாள்னு போட்டிருப்பாங்க, வைவால (வாய்மொழித் தேர்வுல) அங்கதான் முதல் கேள்வி விழும். பேருக்காக மட்டும் இதைச் சொல்லலை. படிக்கத் தயங்குறவங்க, வயசானவங்க இருக்குற இடத்துல கேள்வித்தாளைக் கொடுத்தா பக்கத்து வீட்டுப் பையன் நிரப்பிக் கொடுத்துடுவான், உங்களுக்குக் கிடைக்கிறது அவனோட கருத்துதான். அங்க ஷெட்யூல்தான் சரி. எதிர்ல ஆள் உக்காந்திருந்தா சொல்லக் கூச்சப்படுற விஷயங்களுக்கு, குடி, கடன், உறவுச் சிக்கல் மாதிரி, ஆளுக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சா தானே நிரப்புற முறைதான் நல்லது.

ஆழமான இன்டர்வியூவுக்குக் கையில ஒரு இன்டர்வியூ கைடு இருந்தா போதும், எட்டு பத்து திறந்த கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் கீழ தோண்டிக் கேக்க ரெண்டு மூணு துணைக் கேள்வி. இருபத்தஞ்சு கேள்வி எழுதிட்டுப் போனீங்கன்னா அது ஷெட்யூலா மாறிடும், ஆள் ஒரு வரி பதில் சொல்லிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்பார்.

குழு விவாதம், அதான் ஃபோகஸ் குரூப், ஆறுல இருந்து பத்து பேர், ஒண்ணுல இருந்து ஒன்றரை மணி நேரம். நடத்துறவர் ஒருத்தர், குறிப்பு எடுக்குறவர் ஒருத்தர், ரெண்டு பேர் கண்டிப்பா வேணும். ஒரே குழுவுல மேனேஜரையும் தொழிலாளியையும், மாமியாரையும் மருமகளையும் உக்கார வைக்காதீங்க, ஒரு பக்கம் வாயே திறக்காது. இன்னொண்ணு, பத்து பேர் இருந்த குழுவுல ஏழு பேர் தலையாட்டினாங்கன்னு "70 சதவீதம் பேர் ஒத்துக்கிட்டாங்க"ன்னு எழுதாதீங்க. ஒருத்தர் பேச்சு இன்னொருத்தரை மாத்துற இடம் அது, அங்க தலை எண்ணுறதுக்கு அர்த்தமே இல்லை.

உற்றுநோக்கல் எடுக்கிறீங்கன்னா செக்லிஸ்ட் வேணும், எதை ஒரு தடவைன்னு எண்ணுவீங்கன்னு எழுத்துல வரையறுக்கணும். ரெண்டு பேர் தனித்தனியா ஒரே விஷயத்தைப் பாத்துக் குறிச்சு, ரெண்டும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு சொல்ற கப்பாங்கிற அளவைப் போட்டுப் பாருங்க. யாரோ பாக்குறாங்கன்னு தெரிஞ்சா மனுஷங்க நடந்துக்கிறது மாறிடும், அதனால முதல் ஒண்ணு ரெண்டு நாள் சும்மா போய் உக்காந்து அவங்களுக்குப் பழகின முகமாகுங்க, அந்த நாள் குறிப்பைக் கணக்குல எடுக்காதீங்க.

3. ஸ்கேல் ஏற்கெனவே இருந்தா சொந்தமா செய்யப் போகாதீங்க

மன அழுத்தம், தன்மதிப்பு, வாழ்க்கைத் தரம், மனச்சோர்வு மாதிரி விஷயங்களுக்குச் சோதிச்சுப் பாத்த ஸ்கேல்கள், அதாவது பதில்களைக் கூட்டி ஸ்கோர் போடுற கேள்வித் தொகுப்புகள், நிறைய இருக்கு. அதை விட்டுட்டு புதுசா ஒண்ணு செஞ்சா அதை நிரூபிக்கவே ஒரு தனி ஆய்வு வேணும். அப்புறம் உங்க ரிசல்ட்டை வேற யாரோடவும் ஒப்பிடவும் முடியாது.

ஆனா நெட்ல கிடைச்சிடுச்சுன்னு டவுன்லோட் பண்ணி அப்படியே போடாதீங்க. லைசென்ஸ் என்னன்னு பாக்கணும். மனச்சோர்வை அளக்குற பிஎச்க்யூ-9 இலவசம், தனியா அனுமதி வாங்கத் தேவையில்லை. மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூணையும் அளக்குற டாஸ்-21 பொதுவுல விடப்பட்டது. ஆனா மனச்சோர்வுக்கான பெக் டிப்ரஷன் இன்வென்டரியும், ஞாபகம் மாதிரி மூளைத்திறனைச் சோதிக்கிற எம்எம்எஸ்இயும் காப்பிரைட் உள்ளது, காசு கொடுத்துதான் பயன்படுத்தணும். மத்ததுக்கெல்லாம் ஸ்கேலை உருவாக்கினவருக்கு ஒரு மெயில் போடுங்க: நீங்க யாரு, என்ன ஆய்வு, எத்தனை பேர்கிட்ட கேக்கப் போறீங்க, வியாபாரத்துக்கு இல்லைங்கிறது, மொழிபெயர்ப்பு ஏற்கெனவே இருந்தா அனுப்ப முடியுமான்னு. பதில் வர வாரக்கணக்கா ஆகலாம், அதனால சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும்போதே மெயிலைத் தட்டிவிடுங்க. வந்த பதிலை பிரின்ட் எடுத்து வைங்க, தீசிஸ் பின்னிணைப்புல அது போகணும்.

ஸ்கோரிங்ல நிறைய பேர் சறுக்குவாங்க. மன அழுத்தத்தை அளக்குற பிஎஸ்எஸ்-10ல நாலு கேள்வி நேர்மறையா இருக்கும், அதைத் திருப்பிப் போட்டுத்தான் கூட்டணும். ரோசன்பர்க் தன்மதிப்பு ஸ்கேல்ல பத்துல எதிர்மறையா இருக்குற அஞ்சைத் திருப்பணும். டாஸ்-21ல வந்த ஸ்கோரை ரெண்டால பெருக்கினாத்தான் 42 கேள்வி உள்ள முழு ஸ்கேலோட அளவுகோல் பொருந்தும். உங்க ஆல்ஃபா (ஸ்கேல்ல இருக்குற கேள்விகள் ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிற அளவு) காரணமே இல்லாம அதள பாதாளத்துக்குப் போனா முதல்ல பாக்க வேண்டியது இந்தத் திருப்புற கேள்விகளைத்தான்.

ஸ்கேல்ல ரெண்டு கேள்வி பிடிக்கலைன்னு எடுக்கிறது, அஞ்சு பாயின்டை மூணா சுருக்குறது, "கடந்த ரெண்டு வாரத்துல"ங்கிறதை "பொதுவா"ன்னு மாத்துறது, இதெல்லாம் கூடாது. மாத்தினா அது பழைய ஸ்கேல் கிடையாது, அதோட பேரைப் போடவும் முடியாது.

4. சொந்தக் கேள்வி எழுதும்போது எங்க மாட்டுவீங்க

கேள்வியோட வடிவமே பதிலை எவ்வளவு மாத்தும்ங்கிறதுக்கு எனக்கு எப்பவும் நினைவுல நிக்கிற உதாரணம் ஒண்ணு. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு அப்புறம் பியூ ஆய்வு மையம் ஓட்டுப் போட்டவங்ககிட்ட எந்தப் பிரச்சினை உங்க முடிவுக்குக் காரணம்னு கேட்டாங்க. விடைப்பட்டியல் கொடுத்துக் கேட்டப்போ 58 சதவீதம் பேர் பொருளாதாரம்னாங்க. பட்டியல் கொடுக்காம நீங்களே சொல்லுங்கன்னு கேட்டப்போ 35 சதவீதம் பேர்தான் அதைச் சொன்னாங்க. அதனால என்னென்ன பதில் வரும்னு தெரியாத கேள்விக்குப் பட்டியல் போடாதீங்க. பைலட்ல, அதாவது மெயின் ஃபீல்டுக்கு முன்னாடி கொஞ்சம் பேர்கிட்ட நடத்துற ஒத்திகைல, திறந்த கேள்வியா கேட்டு, வந்த பதில்களை வச்சு பட்டியல் போடுங்க, கடைசில "வேற ஏதாவது, குறிப்பிடவும்"னு ஒரு கோடு விடுங்க.

அடிக்கடி வர்ற பொறிகளைச் சொல்றேன்.

ஒரே கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி. "சம்பளமும் வேலைச் சூழலும் திருப்தியா இருக்கா?" சம்பளம் சரி, சூழல் மோசம்னு நினைக்கிறவர் எதை டிக் அடிப்பார்? "ம்" விகுதி, "அல்லது", "மற்றும்" வர்ற கேள்வி எல்லாத்தையும் ஒரு தடவை சந்தேகத்தோட படிங்க.

பதிலை வாயில ஊட்டுற கேள்வி. "செல்ஃபோனால பிள்ளைங்க கெட்டுப் போறாங்கன்னு நினைக்கிறீங்களா?"ன்னு கேட்டா எந்தப் பெத்தவரும் ஆமாம்னுதான் சொல்லுவார்.

ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற வயசு, வருமான வரம்பு. 18–25, 25–35ன்னு போட்டா 25 வயசுக்காரர் எங்க போவார்? முடிஞ்சா வயசை நம்பராவே கேளுங்க, அப்புறம் எப்படி வேணும்னாலும் பிரிச்சுக்கலாம், பிரிச்சு வாங்கிட்டா திரும்ப நம்பரா மாத்த முடியாது.

ஞாபகத்தைச் சோதிக்கிற கேள்வி. போன வருஷம் மருத்துவத்துக்கு எவ்வளவு செலவாச்சுன்னா யாருக்கும் தெரியாது, ஒரு தொகையைக் குத்துமதிப்பா சொல்லுவாங்க. அடிக்கடி நடக்குறதுக்குக் கடந்த ஒரு வாரம், எப்பவாவது நடக்குற பெரிய விஷயத்துக்கு, ஆஸ்பத்திரில சேர்ந்தது மாதிரி, கடந்த ஒரு வருஷம்னு காலத்தை விஷயத்துக்கு ஏத்த மாதிரி வைங்க. "அடிக்கடி", "சில சமயம்"ங்கிற சொற்களும் ஆளுக்கு ஆள் மாறும், வாரத்துக்கு எத்தனை நாள்னு கேட்டுடுங்க.

வரிசையும் முக்கியம். சுலபமான, ஆய்வோட நேரடியா சம்பந்தப்பட்ட கேள்வில ஆரம்பிங்க, வருமானம், கடன், ஜாதி மாதிரி கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளுங்க. எடுத்த எடுப்புல வருமானம் கேட்டா கதவு சாத்திடும். கடைசில கேட்டு அவங்க பதில் சொல்லாம விட்டாக்கூட மீதி டேட்டா கையில இருக்கும்.

மொத்தம் நேர்ல இருபது முப்பது நிமிஷத்துக்குள்ள முடியணும், போன்ல அதைவிடக் குறைவா. தாண்டினா கடைசிப் பக்கங்கள்ல எல்லாத்துக்கும் ஒரே பதில் டிக் ஆகியிருக்கும், அந்தப் பக்கங்களை நம்ப முடியாது.

5. மொழிபெயர்ப்புக்கு நேரம் ஒதுக்குங்க

இங்கிலீஷ் ஸ்கேலை ராத்திரி உக்காந்து நீங்களே மாத்திட்டு மறுநாள் ஃபீல்டுக்குப் போறது நடக்குறதுதான், ஆனா அது செல்லாது. முறை இதுதான்: ரெண்டு பேர் தனித்தனியா மொழிபெயர்க்கணும், ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்கணும், மூல ஸ்கேலையே பாக்காத ஒருத்தர் அதைத் திரும்ப இங்கிலீஷுக்கு மாத்தணும், அதை மூலத்தோட ஒப்பிட்டு எங்க பொருள் நழுவுதுன்னு பாத்துத் திருத்தணும். அப்புறம் உங்க ஆய்வுல வரப்போற மாதிரி ஆளுங்க அஞ்சாறு பேர்கிட்ட கேள்வியைப் படிச்சுக் காட்டி "இதுல என்ன கேக்குறாங்கன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க"ன்னு கேளுங்க. இந்தக் கடைசி வேலைக்குக் காசே ஆகாது, ஆனா இதுலதான் அதிகமா தப்பு பிடிபடும். எழுத்து நடையில இருக்குற கேள்வியை ஃபீல்டுல ஒவ்வொரு ஆளும் தன் இஷ்டத்துக்குப் பேச்சு நடையில மாத்திக் கேட்டா பத்து பேர் பத்து கேள்வி கேட்ட மாதிரி ஆகிடும், அதனால ஷெட்யூலை பேச்சு நடையிலயே எழுதிடுங்க. இந்த மொத்த வேலைக்கும் குறைஞ்சது ஒரு மாசம் வைங்க, மொழிபெயர்த்தவங்ககிட்ட கையெழுத்துப் போட்ட சான்று வாங்கிடுங்க.

6. நிபுணர் பார்வை, பைலட், ஆல்ஃபா

சொந்தமா செஞ்ச டூலை அந்தத் துறை தெரிஞ்சவங்க அஞ்சாறு பேர்கிட்டயாவது கொடுங்க. ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு பொருத்தம்னு ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் மார்க் போடச் சொல்லி ஒரு படிவம் செஞ்சு கொடுங்க. மூணு இல்லைன்னா நாலு போட்டவங்க எத்தனை பங்குன்னு பாத்தா அதுதான் அந்தக் கேள்வியோட சிவிஐ (உள்ளடக்கப் பொருத்தக் குறியீடு). ஆறு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 0.78க்குக் குறையக்கூடாது, அஞ்சு பேருக்குள்ளன்னா எல்லாரும் ஒத்துக்கணும். பெரிய ஆளுங்க சீக்கிரம் பதில் தர மாட்டாங்க, ஒரு வாரத்துல வேணும்னு எழுதிக் கொடுத்துட்டு மூணு வாரம் கணக்குல வச்சுக்கோங்க.

பைலட்டுக்கு வழக்கமா சாம்பிள்ல பத்து சதவீதம் இல்லைன்னா முப்பது பேர்ன்னு எடுப்பாங்க. அவங்களை மெயின் டேட்டாவுல சேர்க்கக்கூடாது, அதனால பைலட்டை வேற ஏரியாவுல வைங்க. வெறும் ஆல்ஃபா போடுறதுக்காக பைலட் பண்றவங்கதான் அதிகம். ஒருத்தருக்கு எவ்வளவு நேரம் ஆகுது, எந்தக் கேள்வில முழிக்கிறாங்க, எதுக்கு எல்லாரும் ஒரே பதில் சொல்றாங்க, எதை பாதிப் பேர் விட்டுடுறாங்கன்னு ஒரு நோட்டுல குறிங்க. எல்லாரும் ஒரே பதில் சொல்ற கேள்வியால உங்க டேபிளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. முதல் படில வரைஞ்ச வெறும் டேபிளை பைலட் டேட்டாவை வச்சு ஒரு தடவை நிரப்பிப் பாருங்க, எங்க இடிக்குதுன்னு அப்பவே தெரிஞ்சுடும்.

க்ரோன்பாக் ஆல்ஃபா 0.70க்கு மேல இருந்தா பொதுவா ஏத்துக்குவாங்க. ஆனா ஒரே விஷயத்தை அளக்குற கேள்விகளுக்கு மட்டும்தான் அது. வயசு, படிப்பு, வருமானத்தையெல்லாம் சேர்த்துப் போட்டு கேள்வித்தாளுக்கே ஒரு ஆல்ஃபா சொல்றது தப்பு, ஒவ்வொரு உட்பிரிவுக்கும் தனித்தனியா போடுங்க. 0.95ஐத் தாண்டினா சந்தோஷப்படாதீங்க, ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கீங்கன்னு அர்த்தமா இருக்கலாம்.

7. பேப்பர் வேலை

ஆய்வுல கலந்துக்கிறவங்களுக்குப் பாதிப்பு வராதான்னு பாக்குற எதிக்ஸ் கமிட்டியோட அனுமதி வராம ஒரு ஆளைக்கூடக் கேக்காதீங்க. எடுத்து முடிச்சதுக்கு அப்புறம் பின்தேதியிட்டு யாரும் அனுமதி தர மாட்டாங்க, அந்த டேட்டாவைப் பத்திரிகையிலயும் போட மாட்டாங்க. கமிட்டி தினமும் கூடாது, அடுத்த கூட்டம் எப்போ, எத்தனை நாள் முன்னாடி பேப்பர் போகணும்னு முதல்லயே ஆபீஸ்ல விசாரிச்சு வைங்க. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டா மாசக்கணக்குல தள்ளிப் போகும், திருத்தம் சொல்லித் திருப்பி அனுப்புறதும் சகஜம்.

வழக்கமா கேக்குறது: ஆய்வுத் திட்டம், டூலோட கடைசி வடிவம் இங்கிலீஷ்லயும் உள்ளூர் மொழியிலயும், தகவல் தாள், ஒப்புதல் படிவம், ஸ்கேல் அனுமதி மெயில், வழிகாட்டிப் பேராசிரியரோட கையெழுத்து, ஆய்வு நடக்குற இடத்தோட அனுமதிக் கடிதம். பள்ளி, ஆஸ்பத்திரி, கம்பெனி எதுலயாவது எடுக்கிறீங்கன்னா அந்தக் கடிதத்துக்கே தனியா அலையணும், பரீட்சை நேரம் லீவு நேரம் பாத்துப் போங்க.

தகவல் தாள்ல நீங்க யாரு, எதுக்குக் கேக்குறீங்க, எவ்வளவு நேரம் ஆகும், பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம், பேரு வெளிய வராது, ரெக்கார்டு பண்ணுவீங்களா, சந்தேகம்னா யாரைக் கேக்கணும்னு எல்லாம் ஒரே பக்கத்துல எளிமையா இருக்கணும். ஆடியோ ரெக்கார்டிங்குக்குத் தனியா ஒரு டிக் வைங்க. பதினெட்டு வயசுக்குக் கீழன்னா பெத்தவங்க ஒப்புதலும் வேணும், பிள்ளையோட சம்மதமும் வேணும். ஒண்ணு இருந்தா போதாது.

ரொம்ப முக்கியமான ஒண்ணு. பிஎச்க்யூ-9ல ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பத்தினது. யாராவது ஆமாம்னு சொன்னா என்ன செய்வீங்க? படிவத்தை மடிச்சு வச்சுட்டு வந்துடக் கூடாது. யார்கிட்ட அனுப்பணும், எந்த உதவி எண்ணைக் கொடுக்கணும், உங்க டீம்ல யாருக்கு உடனே சொல்லணும்னு ஃபீல்டுக்குப் போறதுக்கு முன்னாடி எழுதி வச்சிருக்கணும். வன்முறை, துன்புறுத்தல் பத்திக் கேக்குற ஆய்வுக்கும் இதேதான். இதைத் தயார் பண்ணாம அந்தக் கேள்வியைக் கேக்க நமக்கு உரிமை இல்லைன்னே நான் நினைக்கிறேன்.

8. எத்தனை பேர்

95 சதவீத நம்பகம், 5 சதவீதப் பிழை (நிஜ அளவுல இருந்து 5 வரைக்கும் மேல கீழ போகலாம்), விகிதம் பாதிக்குப் பாதின்னு வச்சா 384.16 வரும், மேல ஏத்தினா 385 பேர், தீசிஸ்ல அடிக்கடி பாக்குற 384 இதுதான். மொத்த மக்கள்தொகை சின்னதா இருந்தா குறையும். 1000 பேர் உள்ள இடத்துல, அதே 5 சதவீதப் பிழைக்கு, யமானேங்கிறவரோட சூத்திரப்படி 286. பதில் சொல்லாதவங்களுக்காகக் கூட்டும்போது வகுக்கணும்: 80 சதவீதம் பேர்தான் பதில் தருவாங்கன்னா 385ஐ 0.8ஆல வகுங்க, 482 பேரை அணுகணும். வெறுமனே 20 சதவீதம் கூட்டினா 462 தான் வரும், பத்தாது. ஊர் ஊரா, ஸ்கூல் ஸ்கூலா கொத்தா எடுத்தா, ஒரே கொத்துல இருக்குறவங்க ஒரே மாதிரி இருக்குறதால டிசைன் எஃபெக்ட்னு ஒரு பெருக்கல் எண் சேரும், அது ரெண்டுன்னா சாம்பிள் ரெட்டிப்பு. இந்தச் சூத்திரமெல்லாம் குலுக்கல் முறைல ஆள் எடுத்தாத்தான். வாட்ஸ்அப் குரூப்புல லிங்க் போட்டு 385 பேர் நிரப்பினாங்கன்னா அந்த நம்பருக்கு ஒரு மதிப்பும் கிடையாது, அது கைக்கு எட்டின சாம்பிள்னு நேர்மையா எழுதிடுங்க.

இன்டர்வியூவுக்குச் சூத்திரம் கிடையாது, புதுசா எதுவும் வராத வரைக்கும் போகணும். 2006ல வந்த ஒரு ஆய்வுல 60 இன்டர்வியூவை வரிசையா அலசிப் பாத்தப்போ முதல் பன்னண்டுக்குள்ளயே பெரும்பாலான கருத்துகள் வந்துடுச்சுன்னு காட்டினாங்க. ஆனா அது ஒரே மாதிரி ஆளுங்க இருந்த குழு, உங்க ஆய்வுல மூணு விதமான ஆளுங்க இருந்தா ஒவ்வொரு விதத்துக்கும் அந்த அளவுக்குப் போகணும்.

9. பேப்பரா, ஆப்பா, லிங்க்கா

கூகுள் ஃபார்ம்ஸ் இலவசம், சுலபம், நெட் இருக்குறவங்க தானே நிரப்புற சர்வேக்கு நல்லது. ஆனா நெட் இல்லாம வேலை செய்யாது, பதிலைப் பாத்து கேள்வியைத் தாண்டிப் போறதும் செக்‌ஷன் செக்‌ஷனாத்தான் முடியும். ஃபீல்டுல போய் எடுக்கிறீங்கன்னா கோபோ டூல்பாக்ஸ் இல்லைன்னா ஓடிகே பக்கம் போங்க. ஆண்ட்ராய்டு போன்ல ஆப் போட்டு நெட் இல்லாமலே நிரப்பலாம், நெட் வந்ததும் அனுப்பிக்கலாம். கோபோ இலவச அக்கவுன்ட்ல மாசத்துக்கு இவ்வளவு படிவம்தான்னு வரம்பு இருக்கு, உங்க சாம்பிளுக்கு அது போதுமான்னு பாத்துக்கோங்க. ஃபார்மை எக்ஸெல்லயே எழுதலாம், எக்ஸ்எல்எஸ் ஃபார்ம்னு பேரு. ஒரு ஷீட்ல கேள்விகள், ஒரு ஷீட்ல விடைப்பட்டியல், ஒரு ஷீட்ல செட்டிங்ஸ். ஒரு வாரம் உக்காந்தா கைக்கு வந்துடும். வயசு 18க்குக் கீழ போட்டா ஏத்துக்காத மாதிரி, ஆண்னு டிக் அடிச்சா பிரசவக் கேள்வி வராத மாதிரி கட்டுப்பாடு போட முடியும், டேட்டா சுத்தம் பண்ற வேலை பாதி இங்கயே முடிஞ்சுடும்.

இங்க ரெண்டு பொறி. ஃபீல்டு ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஃபார்ம்ல கேள்வி மாத்தாதீங்க, பழைய போன்ல பழைய ஃபார்மும் புது போன்ல புது ஃபார்மும் ஓடி ரெண்டு டேட்டா வந்து நிக்கும். அடுத்தது, எல்லாக் கேள்வியையும் கட்டாயம்னு போடாதீங்க, பதில் சொல்ல விரும்பாதவர்கிட்ட ஆப் முன்னாடி போக விடாததால எடுக்குறவரே எதையாவது அழுத்திட்டுப் போயிடுவார். "சொல்ல விரும்பலை"ன்னு ஒரு விடை வச்சுட்டா அந்தப் பிரச்சினை போச்சு. ஆப்ல எடுத்தாலும் ஒரு இருபது பேப்பர் படிவம் பையில இருக்கட்டும், பேட்டரி போகும்.

10. காசும் நேரமும்

பட்ஜெட்ல எல்லாரும் பிரின்டும் பயணமும் மட்டும் போடுவாங்க. விட்டுப் போறது இதெல்லாம்: ஸ்கேல் லைசென்ஸ், மொழிபெயர்ப்பாளர் ஊதியம், ஃபீல்டு ஆளுங்களோட பயிற்சி நாள் சம்பளம், ஆள் வீட்டுல இல்லாம திரும்பப் போற பயணம், எதிக்ஸ் கமிட்டி கட்டணம் இருந்தா அது, பேப்பர்னா டேட்டா என்ட்ரி, இன்டர்வியூன்னா டைப் பண்றது. கடைசியா சொன்னதுதான் எல்லாத்தையும் முழுங்கும். ஒரு மணி நேர ஆடியோவை எழுத்துல கொண்டு வர நாலுல இருந்து ஆறு மணி நேரம் ஆகும், குழு விவாதம்னா யார் பேசுறாங்கன்னு பிரிக்கணும், இன்னும் கூடும், இங்கிலீஷ்ல மாத்தணும்னா அது தனிக் கணக்கு. பன்னண்டு இன்டர்வியூதானேன்னு நினைச்சிடாதீங்க. எடுத்த அன்னைக்கோ மறுநாளோ டைப் பண்ண ஆரம்பிங்க, குரல் காதுல இருக்கும்போதே எழுதினா வேகமும் வரும், அடுத்த ஆள்கிட்ட என்ன கூடுதலா கேக்கணும்னும் தெரியும்.

காலத்தைப் பொறுத்தவரை டூல் தயாராகுறதுக்கே, அதாவது ஸ்கேல் அனுமதி, மொழிபெயர்ப்பு, நிபுணர், எதிக்ஸ், பைலட் எல்லாம் சேர்ந்து, மூணுல இருந்து ஆறு மாசம் போகும்னு வச்சுக்கோங்க. இதுல அனுமதி மெயிலும் மொழிபெயர்ப்பும் ஒரே நேரத்துல நடக்கலாம், பைலட் மட்டும் எதிக்ஸுக்கு அப்புறம்தான், ஏன்னா பைலட்லயும் நிஜ ஆளுங்களைத்தான் கேக்குறீங்க.

11. ஃபீல்டு நாட்கள்

கூட ஆள் வச்சு எடுக்கிறீங்கன்னா ரெண்டு நாளாவது பயிற்சி கொடுங்க, ஒரு நாள் கேள்வி கேள்வியா படிச்சு விளக்கம், ஒரு நாள் ஒருத்தரை ஒருத்தர் பேட்டி எடுத்துப் பழகுறது. எதை விளக்கிச் சொல்லலாம், எதை அப்படியே திருப்பிப் படிக்க மட்டும்தான் செய்யணும்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க.

பகல்ல மட்டும் போனீங்கன்னா வேலைக்குப் போறவங்க யாரும் உங்க சாம்பிள்ல இருக்க மாட்டாங்க. பூட்டின வீட்டுக்குப் பதிலா பக்கத்து வீட்டை எடுக்காதீங்க, வேற நேரத்துல திரும்பப் போங்க, மூணு தடவை போயும் இல்லைன்னா என்ன செய்யறதுன்னு முன்னாடியே விதி போட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி அதைப் பின்பற்றுங்க. இன்டர்வியூ நடக்கும்போது மாமியாரோ கணவரோ பக்கத்துல உக்காந்திருந்தா அதையும் படிவத்துல குறிங்க, அந்தப் பதிலைப் படிக்கும்போது உங்களுக்கு அது தெரியணும்.

அன்னைக்கு வந்த படிவத்தை அன்னைக்கே பாருங்க. விடுபட்டது நாளைக்கே கேட்டுக்கலாம், ஒரு மாசம் கழிச்சுன்னா முடியாது. அஞ்சுல இருந்து பத்து சதவீதம் பேருக்கு நீங்களே போன் பண்ணி நிஜமாவே வந்து கேட்டாங்களா, எவ்வளவு நேரம் பேசினாங்கன்னு விசாரிச்சு, மாறாத ரெண்டு மூணு கேள்வியைத் திரும்பக் கேட்டு ஒப்பிடுங்க. இப்படி ஒரு சோதனை உண்டுன்னு டீமுக்கு முதல் நாளே சொல்லிடுங்க, அப்படிச் சொன்னாலே உக்காந்த இடத்துல படிவம் நிரப்புற வேலை பெருமளவு நின்னுடும்.

12. டேட்டா கைக்கு வந்ததும்

கோட்புக் ஃபீல்டுக்கு முன்னாடியே ரெடியா இருக்கணும்: ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சின்னப் பேரு, எந்தப் பதிலுக்கு எந்த நம்பர், விடுபட்டதுக்கு என்ன குறி. எல்லாத்துக்கும் 99 போடுறது பழக்கம், ஆனா வயசுல 99ங்கிறது ஒரு நிஜ ஆளாவும் இருக்கலாம், அதை விடுபட்டதுன்னு எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல் சாஃப்ட்வேர்) கிட்ட சொல்ல மறந்தா சராசரியும் ஏறிடும். நிஜமா வரவே முடியாத நம்பரா, -99 மாதிரி, வைங்க. "தெரியாது", "சொல்ல விரும்பலை", "இவருக்குப் பொருந்தாது" மூணுக்கும் தனித்தனி குறி கொடுங்க, மூணும் ஒண்ணு கிடையாது.

பேரு, போன் நம்பர், முகவரி எல்லாம் ஒரு ஃபைல்ல, பதில்கள் இன்னொரு ஃபைல்ல, ரெண்டையும் இணைக்கிறது ஒரு ஐடி நம்பர் மட்டும். பேரு இருக்குற ஃபைலுக்கு பாஸ்வேர்டு போட்டு தனியா வைங்க, டீம் வாட்ஸ்அப் குரூப்புல அதை அனுப்பவே அனுப்பாதீங்க. ஃபீல்டுல இருந்து வந்த மூல ஃபைல்ல கை வைக்காதீங்க, காப்பி எடுத்து அதுல வேலை செய்யுங்க, என்ன மாத்தினீங்க, ஏன்னு தேதியோட ஒரு நோட்டுல எழுதுங்க. பேக்கப் ரெண்டு இடத்துல இருக்கட்டும், ஒண்ணு உங்க லேப்டாப்போட ஒரே பையில இருக்கக்கூடாது. ஒப்புதல் படிவத்துல ஆடியோவை எப்போ அழிப்பீங்கன்னு எழுதிக் கொடுத்திருப்பீங்க, அந்தத் தேதியை போன் காலண்டர்ல இப்பவே போட்டு, அழிக்கும்போது பேக்கப்ல இருக்குறதையும் ரெக்கார்டு பண்ணின போன்ல இருக்குறதையும் சேர்த்து அழிச்சிடுங்க.